தட்டு தின்னும் மாட்டுக்குப் புண்ணாக்கு: தினமும் வைக்கணுமா, நாள் விட்டு வைக்கலாமா?

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் சேந்தமங்கலம் பக்கம், வெயில் ஏற ஏற பச்சைப் புல் குறைந்துவிடும். அடுத்த மழை வரைக்கும் மாட்டுக்குக் கைகொடுப்பது போரில் அடுக்கிய சோளத்தட்டும் வைக்கோலும்தான். கூடவே புண்ணாக்கோ பருத்திக்கொட்டையோ வைத்தாக வேண்டும். அதை எப்போது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வைப்பது?

தட்டு மட்டும் ஏன் போதாது?

நார்ச்சத்தைச் செரிக்க வைப்பது மாட்டின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள். அவை பெருகப் புரதம் வேண்டும். தீவனத்தில் சுமார் 7 சதவீதமாவது புரதம் இல்லாவிட்டால் அவற்றின் வேலை மந்தமாகும். வைக்கோலில் இருப்பதோ 3 முதல் 4 சதவீதம்தான். தின்றது சீக்கிரம் செரிக்காமல் வயிற்றிலேயே தங்குவதால், முன்னால் தட்டு கிடந்தாலும் மாடு தொடாது, இளைத்துப்போகும். கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. அதைக் கொஞ்சம் வைத்தாலே மாடு தட்டையும் கூடுதலாகத் தின்னும்.

நாள் விட்டு நாள் வைக்கலாமா?

கறவை வற்றிய மாடு, வளர்ந்த கிடேரி, உழவு மாடு என்றால் வைக்கலாம். இன்று தின்ற புரதத்தில் மிஞ்சிய நைட்ரஜன் முழுவதும் சிறுநீரில் போய்விடாது. ஒரு பகுதி உமிழ்நீர் வழியாகவும் ரத்தத்தின் வழியாகவும் பெருவயிற்றுக்கே திரும்பி வரும். மறுநாள் நுண்ணுயிரிகளுக்கு அதுதான் சாப்பாடு. காய்ந்த புல் மேய்ந்த காளைகளுக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைத் தினமும், மூன்று நாளுக்கு ஒருமுறை, வாரம் ஒருமுறை எனக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1962-லேயே வெளியானது. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் ஒன்று: நாளைக் குறைக்கலாம், அளவைக் குறைக்கக் கூடாது. தினம் அரை கிலோ வைப்பவர், நாள் விட்டு நாள் ஒரு கிலோ வைக்க வேண்டும். இதில் புண்ணாக்கு மிச்சமாகாது. ஆள் வேலைதான் மிச்சம். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இதுவே பெரிய உதவி.

யாருக்கு இது ஆகாது?

கறவை மாட்டுக்குத் தினமும் வைக்க வேண்டும். பாலில் தினமும் புரதம் வெளியேறுகிறதே! கன்றுக்கும் அப்படியே. மக்காச்சோளம் போன்ற தானியத்தை இரண்டு நாள் பங்காக ஒரே வேளையில் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறும். யூரியா கலந்த தீவனத்தில் ஆபத்து இன்னும் அதிகம். ஒரே நேரத்தில் அளவு மீறினால் அம்மோனியா விஷமாகி, சில மணி நேரத்தில் மாடே செத்துப்போகலாம். யூரியா விஷயத்தில் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

காலையா, மாலையா?

பெரிய வித்தியாசம் கிடையாது. மேயும் நேரத்தில் மட்டும் காட்டாதீர்கள். மேய்வதை விட்டுவிட்டுக் கட்டுத்தறியையே பார்த்து நிற்கும். மேய்ந்து திரும்பியதும் வைப்பது நல்லது.

மணியைவிட மாதம்தான் முக்கியம். பலர் விலா எலும்பு தெரிந்த பிறகே புண்ணாக்கு வாங்கப் போகிறார்கள். இளைத்த மாட்டைத் தேற்ற ஆகும் செலவு அதிகம்; சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். பச்சை குறைந்து, தட்டுப் போரைப் பிரிக்கும் வாரத்திலேயே புண்ணாக்கையும் தொடங்கிவிட வேண்டும். ஏழு மாதம் தாண்டிய சினை மாடு இருந்தால் அதற்குத்தான் முதல் பங்கு.