உங்களுக்குத் தெரியுமா? தலைக்குள் ஆணி!

2012-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒருவரின் மூளைக்குள் நெயில் கன் (காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவி) ஆணி பாய்ந்தது. மறுநாள் எக்ஸ்ரே எடுக்கும்வரை அவருக்கே தெரியாது. ஆணியின் நீளம் சுமார் 8 செ.மீ. அறுவை சிகிச்சையில் பிழைத்தார்.

• பல நெயில் கன்களில் டிரிக்கரை அழுத்தியே வைத்திருந்தால், முனை எதில் இடித்தாலும் ஆணி பாயும்; தொடையானாலும் சரி, பக்கத்தில் நிற்பவரானாலும் சரி. அடித்த வேகத்தில் கன் எகிறி, இரண்டாவது ஆணியும் இறங்கலாம். முனையைப் பதித்த பிறகு டிரிக்கரை இழுத்தால் மட்டுமே அடிக்கும் வகை உண்டு. அமெரிக்க ஆய்வுகளில் அதில் காய விகிதம் ஏறத்தாழ பாதிதான். கேட்டு வாங்குங்கள், வேகம் குறைந்தால் குறையட்டும்.

• மரக்கணுவில் பட்டால் ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளிவரும். பிடிக்கும் கையைத் தள்ளி வையுங்கள்.

• சிக்கிய ஆணியை எடுக்குமுன் காற்றுக் குழாயைக் கழற்றுங்கள்.

• காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜன் சிலிண்டரை இணைக்கவே கூடாது. வெடிக்கும்!