ஊரவர் எழுப்பிய பாலர் பள்ளி

பாலர் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் புரோபெல், மொண்டிசூரி ஆகிய பேரறிஞரையே முதலிற் குறிப்பிடுவர். அவர்தம் பள்ளிகள் ஓர் அறிஞரின் சிந்தனையிற் பிறந்து, பின்னர் மக்களிடஞ் சென்றவை. இதற்கு மாறாக, மக்களே முதலிற் பள்ளியைக் கட்ட, கல்விக் கொள்கை அதன்பின் வளர்ந்த வரலாறும் உண்டு. வட இத்தாலியிலுள்ள ரெஜ்ஜோ எமிலியா நகரத்துப் பாலர் பள்ளிகளின் வரலாறே அது.

1922ஆம் ஆண்டு முதல் 1943ஆம் ஆண்டு வரை இத்தாலி முசோலினியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அதன்பின் செர்மானியப் படை நாட்டின் வடபகுதியைப் பற்றிநின்றது. 1945 ஏப்பிரல் இறுதியில் அப்படை சிதறிப் பின்வாங்கிற்று. ரெஜ்ஜோவுக்கு அணித்தான வில்லா செல்லா எனுஞ் சிற்றூரார், பகைவர் விட்டுச்சென்ற யுத்தத்தாங்கி ஒன்றையும், சில லொறிகளையும், குதிரைகளையும் விற்றனர். கிடைத்த பணத்தைக் கொண்டு அவர்கள் கட்டத் துணிந்தது பாலர் பள்ளி. நிலத்தைக் கமக்காரர் ஒருவர் ஈந்தார். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளிலிருந்து செங்கல்லும் மரமும் வந்தன; மணலை ஆறு கொடுத்தது. இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஊராரே வேலை செய்தனர்.

இச்செய்தி கேட்டுத் துவிச்சக்கரவண்டியில் அவ்வூருக்கு விரைந்தார் லோரிஸ் மலகுற்சி எனும் இளம் ஆசிரியர். 1920ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொண்டு திரும்பினார் எனலாம். அயலிலுள்ள வறிய பகுதிகளிலும் பெற்றோர் இவ்வாறே பள்ளிகளைத் தொடங்கினர். அங்கு வந்த சிறார் பலர் பசியாலும் நோயாலும் மெலிந்திருந்தனர். தலைமுறை தலைமுறையாக வட்டார வழக்கையே பேசிவந்த அவர்தம் வீடுகளுக்கு ஏட்டு மொழியான இத்தாலியம் அந்நிய மொழியாகவே இருந்தது. பணமின்மையால் சில பள்ளிகள் நிலைக்கவில்லை. ஆயினும் மாதர் சங்கத்தினர் இடைவிடாது வற்புறுத்தி வந்தனர். இறுதியில் 1963ஆம் ஆண்டு நகரசபை தன் முதலாவது பாலர் பள்ளியைத் திறந்தது.

புதிய பள்ளியை ஊரார் ஐயத்தோடு நோக்கினர். மலகுற்சியும் ஆசிரியைகளும் வாரம் ஒருமுறை பிள்ளைகளையும் கருவிகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு நகருக்குச் சென்றனர். சதுக்கத்திலும் பூங்காவிலும் நாடக மண்டபத்தின் தூண் வரிசையின் கீழும் பள்ளி நடந்தது. பிள்ளைகள் மகிழ்ந்தனர், மக்கள் கண்டு வியந்து வினவினர். பள்ளி மதிலுக்குள் ஒளிந்திருக்கும் பொருளன்று, ஊரின் பொதுச்சொத்து என்பதனை இதனினுந் தெளிவாக உணர்த்தல் அரிது.

இனி, இப்பள்ளிகளின் நோக்கம் யாது? கேள்வி கேளாது கீழ்ப்படியும் மக்கள் கொடுங்கோன்மைக்கு எளிதில் இரையாவர் என்பதனை அந்நகரத்தார் தம் வாழ்விலேயே கண்டவர். ஆதலின் தாமே நோக்கி, தாமே எண்ணி, பிறரோடு கூடி உரையாடும் பிள்ளைகளை வளர்த்தலே அவர்தம் குறிக்கோளாயிற்று. பிள்ளை வெறும் பாத்திரமன்று. ஆற்றலோடு பிறந்து, சொல்லால் மட்டுமன்றிக் களிமண்ணாலும் வண்ணத்தாலும் ஆடலாலும் நிழலாலும் தன் கருத்தை வெளியிடுவது. இதன்பொருட்டு ஒவ்வொரு பள்ளியிலுங் கலைக்கூடமும் கலைப் பயிற்சி பெற்ற ஆசிரியரும் அமைந்தனர். ஒரு வகுப்புக்கு இரு ஆசிரியைகள். அவர்கள் அதே பிள்ளைகளோடு மூன்றாண்டு பழகுவர். பிள்ளைகளின் பேச்சையும் படத்தையும் குறித்துவைத்து, அவற்றை ஆராய்ந்தே அடுத்த பணியைத் திட்டமிடுவர். சமையற்காரரும் கல்விக் குழாத்துள் ஒருவராகவே மதிக்கப்படுவர். நிருவாகத்திற் பெற்றோருக்கும் ஊராருக்கும் இடமுண்டு.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. 1976ஆம் ஆண்டு சமயச் சார்பான கண்டனம் வானொலி வாயிலாக எழுந்தது. பள்ளியினர் கதவை அடைக்கவில்லை; கண்டித்தோரையும் உள்ளே அழைத்து மாதக்கணக்கில் விவாதித்தனர். பிள்ளைகளுக்கு எதனைப் போதித்தனரோ, அதனைத் தாமுங் கடைப்பிடித்தனர். 1991ஆம் ஆண்டு அமெரிக்க வார இதழான ‘நியூஸ்வீக்’ அந்நகரின் டயானா பள்ளியை உலகின் தலைசிறந்த பள்ளிகளுள் ஒன்றாகத் தெரிந்தெடுத்தது. மலகுற்சி 1994ஆம் ஆண்டு மறைந்தார். இன்று பல நாட்டு ஆசிரியர் அந்நகருக்குச் சென்று பயில்கின்றனர்.

ஐந்து வயது நிரம்புமுன் எழுத்தும் எண்ணும் முற்றுப்பெற வேண்டுமென அவசரப்படும் பெற்றோரும், அவர் விருப்பிற்கு இணங்கிப் பாலரை ஏட்டோடு கட்டிவைக்கும் பள்ளிகளும் எங்குமுள. அவர்களுக்கு வில்லா செல்லா கூறும் விடை ஒன்றே: எழுத்து வரும், ஆனால் வினாவும் ஆர்வம் ஒருமுறை மடிந்தால் அதனை மீட்டல் அரிது. கல்லூரிக்கு ஒரு கட்டடம் எழுப்பித் தருதல் பழைய மாணவர்க்குப் பெருமையே. அக்கட்டடத்துள் எத்தகைய மனிதர் உருவாதல் வேண்டும் என வினவுதல் அதனினும் பெரிய கடமையாம். இடிபாட்டுச் செங்கல்லைச் சுமந்த அச்சிற்றூரார் இவ்விரண்டையும் ஒருங்கே செய்தனர்.