கத்திக்கு முன்னே பெயர் வேண்டும்

1949 பிப்ரவரியில் ரமண மகரிஷியின் இடது முழங்கை அருகே இருந்த சிறு கட்டி ஒன்றைத் திருவண்ணாமலை ஆசிரமத்திலேயே அறுத்து எடுத்தார்கள். சில வாரங்களில் அது மறுபடி வளர்ந்தது. சார்கோமா என்ற அரிய புற்று அது என்று பிறகுதான் தெரிந்தது. டிசம்பருக்குள் நான்கு அறுவைகள், ரேடியம் சிகிச்சையும் கூட. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்தார். அந்தக் காலத்து வைத்தியர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. என்ன கட்டி என்று தெரியும் முன்பே கத்தி பட்டுவிடுவது அரிய புற்றுகளில் இன்றும் நடக்கிறது, இரைப்பையிலும்.

இரைப்பைப் புற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், உட்சவ்வின் சுரப்பிகளில் தொடங்கும் அடினோகார்சினோமா. மிச்சமுள்ள சிலவற்றில் ஒன்று, சார்கோமா குடும்பத்தைச் சேர்ந்த ஜிஸ்ட் (GIST) என்ற கட்டி. இது சுவருக்குள் வளர்வதால் மேலே சவ்வு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எண்டோஸ்கோபியில் ஒரு புடைப்பு தெரியும்; கிள்ளி எடுத்த துணுக்கில் ‘புற்று இல்லை’ என்று வரும். அந்தத் தாளை நம்பி வீட்டுக்குப் போய்விடுவதுதான் ஆபத்து. எண்டோஸ்கோபி முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்தி, ஆழத்தில் ஊசி விட்டுத் திசு எடுத்து, கிட் என்ற புரதம் இருக்கிறதா என்று சாயமேற்றிப் பார்க்க வேண்டும். 1998இல் ஜப்பானின் ஹிரோடா குழு கிட் மரபணுவின் பிழையைக் கண்டறியும் வரை, இவற்றில் பல வெறும் தசைக்கட்டிகள் என்றே எழுதப்பட்டன. பெயர் மாறினால் அறுவையும் மாறும். அடினோகார்சினோமா என்றால் இரைப்பையின் பெரும்பகுதியையோ முழுவதையுமோ, சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளோடு எடுக்க நேரும். ஜிஸ்ட் அந்த முடிச்சுகளுக்குப் பரவுவது அபூர்வம். கட்டியைச் சிறு ஓரத்தோடு எடுத்தால் போதும், ஆனால் அது உடைந்து வயிற்றுக்குள் சிந்தவே கூடாது. ஹெலிகோபாக்டர் கிருமியால் வரும் மால்ட் லிம்போமாவுக்கோ பல வேளைகளில் ஆன்டிபயாடிக் மாத்திரையே போதும், கத்தியே வேண்டாம்.

ஊசி குத்தினால் பரவாதா, நாள் கடத்தலாமா என்று கேட்பார்கள். இரைப்பைக்குள்ளிருந்து செலுத்தும் ஊசியால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ரத்தம் கொட்டுகிறவருக்குக் காத்திருக்க நேரமில்லை என்பது சரி. ஸ்கேனிலேயே தெளிவாகத் தெரியும் சிறு கட்டியை நேரே அறுக்கலாம் என்பதும் சரி. ஆனால் மண்ணீரலோடோ கணையத்தோடோ ஒட்டிய பெரிய ஜிஸ்ட் கட்டியை முதலில் இமாடினிப் மாத்திரையால் சுருக்கிவிட்டு அறுப்பதே நல்லது. பெயர் தெரியாமல் அந்த மாத்திரையை எழுத முடியாது. விலைக்கும் அஞ்ச வேண்டியதில்லை: அதன் புது வடிவத்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1 அன்று மறுத்தது. மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் விற்ற மருந்தின் இந்தியத் தயாரிப்புகள் அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கும் கிடைத்தன.

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சிஎம்சிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ நோயாளியை உடனே கூட்டிப்போக முடியாவிட்டால், திசுவை மட்டும் அனுப்பலாம். பயாப்சி எடுத்த இடத்தில் மெழுகில் பதித்த திசுத் துண்டும் கண்ணாடி ஸ்லைடும் இருக்கும். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் அவற்றைக் கேட்டு வாங்குங்கள். புற்றுநோய்த் திசுக்களையே பார்க்கும் இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.