துப்பாக்கி ஓய்ந்தது, மான் பிழைத்ததா?

விராலிமலைப் படி ஏறும்போதே மயில் அகவுவது கேட்கும். முருகனின் வாகனம் என்பதால் அதன்மேல் யாரும் கை வைப்பதில்லை. இத்தனைக்கும் இந்தத் தலத்தின் கதையே வேட்டையில்தான் தொடங்குகிறது. வேடன் விரட்டிவந்த வேங்கை ஒரு குரா மரத்தருகே மறைந்தது, அங்கே திருநீறு மணத்தது, அதுவே முருகனின் இடம் என்கிறது தலபுராணம். வள்ளியைப் பெற்றது மான்தான். ஆனாலும் மயிலுக்குக் கிடைத்த காவல் மானுக்கு வாய்க்கவில்லை. அதற்குச் சட்டம் வரவேண்டியிருந்தது.

முதலில் வந்தது நீலகிரியில். வெள்ளைக்காரர்கள் கண்டபடி சுட்டதில் கடமானும் வரையாடும் அருகிப்போக, 1877-ல் வேட்டைக்காரர்களே சங்கம் அமைத்தார்கள். 1879-ல் சென்னை அரசு சட்டம் இயற்றியது. உரிமமும் வேட்டைக்கு ஆகாத மாதங்களும் வரையறுக்கப்பட்டன. நாளைக்கும் சுட மான் வேண்டும் என்பதே நோக்கம். என்றாலும் அதில் ஒரு கணக்கு இருந்தது. பெண்மான் பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஓர் ஆண்மான் பல பிணைகளுக்குப் போதும். ஆணை அளவாகச் சுட்டால் கூட்டம் தாங்கும். பிணையைச் சுட்டால் சரியும்.

சமவெளியில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடவில்லை. பயிர்க் காவலுக்கென்று கொடுத்த துப்பாக்கிகளும், இரவில் ஜீப்பில் விளக்கடித்துச் சுடும் வழக்கமும் நாடெங்கும் வெளிமானைத் துடைத்தெடுத்தன. தமிழ்நாட்டில் 1967-ல் கோடியக்கரை சரணாலயமானது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்தது. 1991 திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் முறையையே ஒழித்தது. இவை வராதிருந்தால் கோடியக்கரைப் புல்வெளியில் இன்று வெளிமான் துள்ளாது.

தடை மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் கைபாப் பீடபூமி சாட்சி. 1906-ல் அங்கே மான் வேட்டையைத் தடுத்தார்கள். கூடவே பூமாவையும் ஓநாயையும் கொன்று தீர்த்தார்கள். மான் பெருகியது, மேய்ச்சல் அழிந்தது, 1920-களின் குளிர்காலங்களில் மந்தை மந்தையாகப் பட்டினியில் செத்தன. எத்தனை என்பதில் ஆய்வாளர்களுக்குள் தகராறு உண்டு, பட்டினியில் இல்லை.

விராலிமலை இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் சிக்கல் வேறு. திருட்டு வேட்டை அறவே நின்றுவிடவில்லைதான். ஆனால் மானை இன்று அதைவிட நெருக்குவது இடமும் தண்ணீரும். 1974-ல் தொடங்கப்பட்ட வனத்தோட்டக் கழகம் மாவட்டத்தின் காடுகளில் பெரும்பரப்பைத் தைலமரத் தோப்பாக்கிவிட்டது. அதன் இலையை மான் கடிக்காது. தோப்புக்குள் வெட்டிய வரப்புகளும் குழிகளும் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் மறிக்கின்றன என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். கோடையில் தாகத்துக்கு ஊர்ப்பக்கம் வரும் புள்ளிமானை நாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. கடி படாமல் தப்பினாலும், வெறிபிடித்தாற்போல் ஓடிய ஓட்டத்தில் தசை சிதைந்து ஓரிரு நாளில் செத்துப்போவதுண்டு. இந்தச் சாவுக்கு எந்த வேட்டைச் சட்டமும் மருந்தில்லை.

தைலமரம் வெட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதியையாவது பழைய முள்காடாக விட்டுவிடும்படி வனத்துறையைக் கேட்கலாம். கேட்க வேண்டியது கிராம சபை. மான் போய் மனுக் கொடுக்காது.