மணிக்கட்டு மடங்கும் முன்

தலையில் மின்முனைகளோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே 2.56 விநாடிக்கு ஒருமுறை வட்டமடிக்கும் ஒளிப்புள்ளி. அவருக்கு மனதில் தோன்றும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும். எண்ணம் எழுந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும்.

அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட இந்தச் சோதனை பலரைத் தூக்கிவாரிப் போட்டது. கை அசைய ஏறக்குறைய 0.2 விநாடி இருக்கும்போதுதான் எண்ணம் தெரியவருகிறது. மூளையின் மின் அலையோ கை அசைவதற்கு அரை விநாடிக்கு முன்பே ஏறத் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் முடிவெடுத்தது யார்?

எல்லாம் விதி என்று தீர்ப்பெழுதுவது அவசரம். எழுந்த எண்ணத்தைக் கடைசி நொடியில் தடுக்க மனிதனால் முடியும் என்றே லிபெட் வாதிட்டார். 2012-இல் ஆய்வாளர் ஆரன் ஷூர்கரின் குழு, அந்த அலை மூளையில் தானாக ஏறி இறங்கும் இரைச்சலின் தடமாகவும் இருக்கலாம் என்றது.

யாரை மணப்பது, வேலையை விடுவதா என்று மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு யோசிப்பது வேறு விஷயம். லிபெட்டின் ஆய்வகத்தில் யாரும் அப்படி எதையும் தீர்மானிக்கவில்லை.