ஆபீஸ்ல ஓடுன விர்ச்சுவல் மெஷின், ஸ்ரீரங்கம் வீட்டுல ஏன் நெட் பிடிக்கலை?

நவல்பட்டு எல்காட் ஐ.டி. பார்க்கில் வெள்ளிக்கிழமை மாலை வரை ஒழுங்காக ஓடிய விர்ச்சுவல் மெஷின், அதே லேப்டாப்பை ஸ்ரீரங்கம் வீட்டில் திறந்தால் இணையம் இல்லை என்கிறது. லேப்டாப்பில் யூடியூப் ஓடுது. உள்ளே இருக்கும் மெஷினில் மட்டும் ஒண்ணும் வரலை. ரீ-இன்ஸ்டால் பண்ணிடலாமா என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கோளாறு பெரும்பாலும் ஒரே ஒரு செட்டிங்கில்தான்.

விர்ச்சுவல்பாக்ஸில் புது மெஷின் உருவாக்கினால் தானாக அமைவது 'நாட்' முறை. உத்திர வீதியில் மாடிப் போர்ஷனில் குடியிருப்பது மாதிரி. தனிக் கதவு எண் கிடையாது. போக்குவரத்து எல்லாம் கீழ்வீட்டு வாசல் வழியேதான். லேப்டாப் எந்த வைஃபைக்கு மாறினாலும் இதற்குப் பிரச்னை இல்லை. ஆனால் வெளியிலிருந்து யாரும் மெஷினை நேரே தேடி வர முடியாது.

'பிரிட்ஜ்டு' என்பது தனி வீடு. ரவுட்டரே மெஷினுக்கு ஐ.பி. முகவரி கொடுக்கும். டீமில் மற்றவர்களும் அதில் ஓடும் சர்வரைத் திறக்கலாம் என்பதால் ஆபீஸில் இதை வைத்திருப்பவர்கள் உண்டு. சிக்கலும் இங்கேதான். இந்த முறை ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க் அடாப்டரோடு கட்டப்பட்டது. செட்டிங்கில் லேன் கார்டின் பெயர் அப்படியே நிற்கும். கேபிளோ நவல்பட்டு மேஜையில் கிடக்கும்!

விண்டோஸ் மெஷினில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிகிறதா? முகவரி கொடுக்க ஆளே கிடைக்கவில்லை என்று அர்த்தம். நெட்வொர்க் செட்டிங்கில் அடாப்டரை வைஃபை கார்டுக்கு மாற்றிப் பாருங்கள். அப்பவும் வரலைன்னா ஆச்சரியமில்லை. வைஃபை ஒரு இணைப்புக்கு ஒரே மேக் முகவரியைத்தான் எதிர்பார்க்கும். விர்ச்சுவல்பாக்ஸ் சமாளிக்கப் பார்த்தாலும் எல்லா கார்டிலும் அது சரியாக வருவதில்லை. நாட்டுக்கு மாறிவிடுவதே நிம்மதி.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. லேப்டாப்பில் போட்ட ஆபீஸ் வி.பி.என். பிரிட்ஜ்டு மெஷினுக்குப் பொதுவாகக் கிடைக்காது, தனி வீடாச்சே! நாட்டில் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நாட்டில் இருக்கும் மெஷினுக்குள் லேப்டாப்பிலிருந்து எஸ்.எஸ்.எச். செய்ய, போர்ட் ஃபார்வர்டிங்கில் லேப்டாப்பின் 2222-ஐ மெஷினின் 22-க்குத் திருப்பினால் போதும். இரண்டு மெஷின் ஓட்டினால் இரண்டிலும் 10.0.2.15 என்றே காட்டும். பயப்பட வேண்டாம், இரண்டும் தனித்தனி நாட், ஒன்றுக்கொன்று பார்த்துக்கொள்ளாது. பேச வைக்கணும்னா 'நாட் நெட்வொர்க்' முறையைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது இரண்டாவது அடாப்டராக 'ஹோஸ்ட்-ஒன்லி' சேர்க்கலாம். அதில் வழக்கமாக வருவது 192.168.56 வரிசை முகவரி.