பழைய மோட்டாரும் வருங்கால விலையும்

குந்தா வட்டத்தைச் சேர்ந்த மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் மலைப்பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இப்பாதையிலும், இதனினின்று பிரிந்து தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழையும் மண் தடங்களிலும் நெடுங்காலம் உழைத்த ஊர்தி ஜீப் ஆகும். உரமூட்டையும் தேயிலைக் கொழுந்தும் அதிலேயே சென்றன; பேறுகாலப் பெண்டிரும் மணமக்களும் அதிலேயே சென்றனர். அவ்வண்டிகளுட் பல இன்று கொட்டகைகளில் கோழி அடையும் கூடுகளாக நிற்கின்றன.

யான் இம்மலையில் தமிழ் கற்பித்த நாளில், மாணவன் ஒருவன் இலக்கண வகுப்பின் நடுவே எழுந்து, "ஐயா, எங்கள் தாத்தாவின் ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. இன்னும் இருபது ஆண்டு வைத்திருந்தால் பெருவிலை போகும் என்கிறார் சித்தப்பா. எது சரி?" என்று வினவினான். வேற்றுமை உருபுகளை அறிந்த எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. அதன் பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றேன்.

புதிய மோட்டார் வண்டி, கடையை விட்டு வெளியே வந்த அன்றே விலை குறையத் தொடங்குகிறது. ஆண்டுதோறும் குறைந்து, இறுதியில் இரும்பின் எடைக்குரிய விலையை அடைகிறது. பெரும்பாலான வண்டிகளின் வரலாறு அங்கே முடிந்துவிடும். ஆனால், மிகச் சில வண்டிகள் அப்பள்ளத்திலிருந்து மீண்டும் மேலேறுகின்றன. ஏன்? சிறுவயதில் ஒரு வண்டியை ஏக்கத்தோடு நோக்கிய பிள்ளைகள், வளர்ந்து பொருளீட்டும் காலத்தில் அதனைத் தேடுகின்றனர். தேடுவோர் பெருகும் அக்காலத்திலோ, வண்டிகள் பெரும்பாலும் அழிந்து போயிருக்கும். ஆதலின் எஞ்சிய சிலவற்றின் விலை ஏறுகிறது.

இதனை அயல்நாட்டு நிகழ்ச்சியொன்று நன்கு விளக்கும். இத்தாலி நாட்டுப் பெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை பந்தயத்திற்கென '250 ஜி.டி.ஓ.' என்னும் வண்டியைச் செய்தது. செய்தவை 36 மட்டுமே. அவற்றுள் ஒன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு நன்கொடையாக வந்தது. உங்களைப் போன்ற மாணவர்கள் எந்திரத் தொழில் பழகுவதற்கு அது பயன்பட்டது. 1972-இல் பள்ளியார் அதனை 6,500 டாலருக்கு விற்றுவிட்டனர். அதே வகையைச் சேர்ந்த மற்றொரு வண்டி 2018-இல் ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று! பள்ளியாரை அறிவிலிகள் என்று நகைத்தல் தகாது. 1972-இல் அது பந்தயத்திற்கும் உதவாத, வீட்டிற்கும் உதவாத பழைய வண்டி, அவ்வளவே.

இனி நம் நாட்டு வண்டிகளைக் காண்போம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கில வண்டியைத் தழுவிப் பிறந்த அம்பாசிடர், வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை உருவாயிற்று. அமைச்சர் முதல் வாடகை வண்டியோட்டி வரை அதனை ஏறாதார் இலர். பியட் வழிவந்த பிரீமியர் பத்மினி பம்பாய் நகரின் வாடகை வண்டியாக வாழ்ந்து, 2023 அக்டோபரில் அத்தொழிலினின்றும் ஓய்வு பெற்றது. இவ்விரண்டிலும் முற்காலத்து வண்டிகளை விரும்பித் தேடுவோர் உளர். ஆனால் பிற்காலத்தில் எண்ணிறந்தனவாகச் செய்யப்பெற்ற டீசல் அம்பாசிடரை இன்றே வாங்கிப் பூட்டி வைத்தல் செல்வத்திற்கு வழியென்று யான் கருதவில்லை. அவை இன்னும் மலிந்து கிடக்கின்றன.

மாருதி 800-இன் கதை வேறு. 1983 டிசம்பரில் முதல் வண்டியின் திறவுகோலைப் பிரதமர் இந்திரா காந்தியே வழங்கினார். 2014-இல் அதன் ஆக்கம் நின்றது. இருபத்தைந்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை வெளிவந்தமையால் அதனை அரும்பொருள் என எவரும் எண்ணவில்லை. அம்முதல் வண்டியே, உரிமையாளர் மறைந்தபின் தெருவோரத்தில் துருவேறிக் கிடந்தது. பின்னர் நிறுவனத்தார் அதனைச் செப்பனிட்டுத் தம் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தனர். எளிதிற் கிடைக்கும் பொருளைப் போற்றுவார் எவருமிலர். போற்றாமையாலேயே அது விரைவில் அழிகிறது. நம் நாட்டில் இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் வண்டிகளுள் வருங்காலத்தில் மதிப்புறும் ஒன்றைச் சுட்டுக என்றால், முதல் சில ஆண்டுகளில் வெளிவந்து உருமாறாது நிற்கும் மாருதி 800-ஐயே சுட்டுவேன். இன்று நடுவயதினராய் இருப்போருள் எத்துணைப் பேர் அதன் பின்னிருக்கையில் வளர்ந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தமிழர் மறத்தலாகாது. அதன் முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாயும். எஞ்சின் முழுவதும் கண்ணுக்குப் புலப்படும். 1961 முதல் வெளிவந்த இவ்வண்டியை நடுத்தரக் குடும்பத்தார் பலர் வைத்திருந்தனர். குன்னூரில் என் நண்பர் ஒருவரிடம் ஒன்று இருந்தது. நீலநிறம், நான்கு கதவுகள். 1994-இல் உதிரிப் பாகம் கிடைக்கவில்லையென்று மனம் சலித்து, காயலான் கடைக்காரரிடம் எடைபோட்டு விற்றார். வண்டியை வெட்டுவதை யானும் உடனிருந்து பார்த்தேன். பதினைந்து ஆண்டுகள் கழித்து, சென்னையில் நடந்த பழைய வண்டி அணிவகுப்பில் அதனையொத்த ஒன்றைக் கண்ட நண்பர், அதன் அருகிலேயே நெடுநேரம் நின்றார். விலையை மட்டும் கேட்கவில்லை.

எனினும் பழையது எல்லாம் பொன்னாகிவிடும் என்று நம்புதல் பெரும்பிழை. 1980-களின் இறுதியில் மேலைநாடுகளில் பழைய வண்டிகளின் விலை தாறுமாறாக ஏறிற்று. கடன்பட்டும் வாங்கினர். 1990-க்குப் பின் விலை சரிந்தது. பலர் கைப்பொருள் இழந்தனர். எல்லோரும் ஒன்றையே பதுக்கினால் அஃது எங்ஙனம் அரிதாகும்?

வண்டியின் பெயரைவிட அதன் நிலை முதன்மையானது. பிறந்தபோதிருந்த எஞ்சின், இருக்கை, கண்ணாடி, பதிவுப் புத்தகம் ஆகியன மாறாதிருத்தல் வேண்டும். நம் அரசும் 2021-இல் வகுத்த விதியில் இதனையே வற்புறுத்துகிறது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெருமாற்றமின்றிப் பேணப்பட்ட வண்டியே தொன்மை வண்டி எனப்படும். அதற்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் உண்டு. புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதனை வாடகைக்கு ஓட்டுதல் கூடாது. நாள்தோறும் சாலையில் ஓட்டவும் இயலாது. காட்சிக்கும், அணிவகுப்புக்கும், எண்ணெய் நிரப்பவும், பழுது பார்க்கவுமே ஓட்டலாம்.

மலைவாழ்வார்க்குப் பிறிதொரு பகையும் உண்டு. அதுதான் துரு. குந்தாவை அடுத்த அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய மழையிலும், அதன் பின் மாதக்கணக்கில் நீங்காத மூடுபனியிலும், கூரையின்றி நிற்கும் வண்டியின் அடித்தகடு அப்பளம்போல் நொறுங்கும். கொட்டகைச் செலவு, உதிரிப் பாகம், கைதேர்ந்த தொழிலாளி ஆகிய செலவுகளைக் கூட்டிப் பார்த்தால், இருபது ஆண்டில் ஏறும் விலையை அவை விழுங்கிவிடுதல் கூடும். ஆதலின், விலைக்காக மட்டும் வண்டியைப் பேணுதல் என் கணக்கில் இலாபமாகாது; ஓட்டிப் பார்க்க விரும்புவோர்க்கே அது தகும்.

அம்மாணவன் வீட்டு ஜீப்பைப் பின்னொரு நாள் சென்று பார்த்தேன். பெட்ரோல் எஞ்சினை என்றோ கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தியிருந்தனர். இம்மலையில் பல ஜீப்புகளின் நிலை அதுவே. தொகுப்போர் அதற்குப் பெருவிலை தாரார் என்று சித்தப்பாவிடம் கூறினேன். அவர் முகம் வாடிற்று. ஆனால் அடித்தகடு உறுதியாக இருந்தது. கழற்றிய எஞ்சினும் சாக்குப் பைக்குள் கொட்டகை மூலையில் கிடந்தது. "இதைத் திரும்பப் பொருத்த முடியுமா?" என்றான் பையன். தந்தையார் விடை கூறவில்லை. மறுவாரம் கொட்டகைக்குப் புதிய தகரம் வேய்ந்தனர் என்றும், கோழிகளை வேறிடத்திற்கு மாற்றினர் என்றும் கேள்வியுற்றேன்.